"எவ்வளவு பெரிய மூணு?" – காஃபினைக் குறைத்த பதினான்கு வாரம்

நேற்றிரவு பத்தே முக்காலுக்குப் படுத்தேன். அடுத்து நினைவில் இருப்பது காலை அலாரம்தான். மாலை நாலரைக்கு ஒரு கப் காபி குடித்திருந்தும் இப்படித் தூங்கினேன் என்பதுதான் இங்கே செய்தி. பதினான்கு வாரமாகக் காபிக் கொட்டை, தராசு, கை மில் மூன்றோடும் மல்லுக்கட்டியதில் பாதிக்கு மேல் தப்பாகத்தான் செய்தேன். மறந்துபோவதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

தொடங்கியது தூக்கத்தில். படுத்தால் ஒரு மணி வரை கண் கொட்டக் கொட்ட விழிப்பு. நடுநடுவே நெஞ்சில் ஒரு துடிப்பு தவறி, அடுத்தது ஓங்கி அடிப்பது போல ஒரு படபடப்பு. இசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர் இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்றார். அப்புறம் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை காபி குடிக்கிறீங்க?"

"மூணுதான் டாக்டர்."

"எவ்வளவு பெரிய மூணு?"

பதில் தெரியவில்லை. கண்ணளவாகத் தூள் போட்டு, குவளை நிறையத் தண்ணீர் ஊற்றிப் பழகியவளுக்கு எப்படித் தெரியும்? குறைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். நான் குறைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரேயடியாக நிறுத்தினேன். அதுதான் முதல் தப்பு.

வெள்ளிக்கிழமை மாலையோடு காபிக்கு விடை கொடுத்தாயிற்று. சனிக்கிழமை மத்தியானம் வரை வீராப்பு தாங்கியது. மாலையில் கண்ணுக்குப் பின்னால் ஒரு பாரம் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை தலை வெடித்தது, யார் பேசினாலும் எரிச்சல். காஃபினை நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், ஒன்பது நாள் வரைகூட நீளலாம் என்பதெல்லாம் பிறகுதான் படித்தேன். அன்றைக்குத் தலைவலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். ஆச்சரியமாக உடனே கேட்டது. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால், பாராசிட்டமாலோடு 65 மி.கி. காஃபின்! இரண்டு நாள் பட்ட பாட்டுக்குப் பிறகு மருந்து என்ற பெயரில் காபியைத்தான் விழுங்கியிருக்கிறேன். திங்கட்கிழமை காலை நேராக அடுக்களைக்குப் போய் ஒரு கப் போட்டுக் குடித்தேன். அரை மணி நேரத்தில் தலை தெளிந்துவிட்டது. முதல் முயற்சியின் கதை அத்தோடு முடிந்தது.

இரண்டாம் வாரம் ஒரு தராசு வாங்கினேன். 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு. இந்த வேலைக்காக வாங்கியவற்றிலேயே மலிவானதும் உருப்படியானதும் அதுதான். ஒரு வாரம் எதையும் மாற்றாமல், வழக்கமாக அள்ளும் தூளை மட்டும் நிறுத்துக் குறித்தேன். காலையில் 18 கிராம், பதினொரு மணிக்கு 18, மாலை 17. ஆக 53 கிராம்.

இதில் காஃபின் எவ்வளவு? அராபிகா வகைக் காபிக் கொட்டையின் எடையில் ஏறக்குறைய 1.2 சதவீதம் காஃபின் இருக்கும். ரோபஸ்டா வகையில் கிட்டத்தட்ட அதன் இரண்டு மடங்கு. வடிக்கும்போது அதில் பெரும்பகுதி டிகாக்‌ஷனில் இறங்கிவிடும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அராபிகா ஒரு கிராமுக்கு 10 மி.கி., ரோபஸ்டாவுக்கு 20 மி.கி. என்று வைத்துக்கொண்டேன். என் பாக்கெட்டில் அராபிகா எழுபதுக்கு ரோபஸ்டா முப்பது என்ற கலவை என்று போட்டிருந்தது. அப்படியானால் கிராமுக்கு 13 மி.கி. 53 கிராமுக்கு 689 மி.கி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன அளவு, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மி.கி. வரை கவலையில்லை என்பது. ஒரே வேளையில் 200. கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்குமே 200தான். என்னுடைய ஒவ்வொரு கப்பும் தனியாகவே 200-ஐத் தாண்டிக்கொண்டிருந்தது. "மூணுதான் டாக்டர்" என்று சொன்ன வாய் இதுதான்.

அடுத்து செய்தது எல்லோருக்கும் முதலில் தோன்றக்கூடியதே: தூளைக் குறைப்பது. 18 கிராமுக்கு 290 மில்லி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீரை அப்படியே விட்டுவிட்டுத் தூளை மட்டும் 10 கிராமாக்கினேன். வந்தது காபியே இல்லை. நிறம் மட்டும் இருந்த வெந்நீர், அதிலும் அடித்தொண்டையில் ஒரு வறட்டுக் கசப்பு. கொஞ்சத் தூளில் நிறையத் தண்ணீர் ஓடினால், தூளில் இருக்கும் நல்லதெல்லாம் முதலிலேயே இறங்கித் தீர்ந்து, கடைசியில் வேண்டாததும் சேர்ந்து வந்துவிடுகிறது. நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தேன். ஐந்தாம் நாள், "இதைக் குடிப்பதற்கு நிறுத்திவிடலாமே" என்று தோன்றியபோதுதான் உறைத்தது. குறைக்க வேண்டியது தூளை மட்டுமில்லை, கப்பையும்.

தூளுக்கும் தண்ணீருக்கும் ஒன்றுக்குப் பதினாறு என்ற விகிதத்தைத் தொடாமல், 10 கிராமுக்கு 160 மில்லி என்று மாற்றினேன். ருசி அப்படியே திரும்பிவிட்டது. ஆனால் பழைய பெரிய குவளையில் ஊற்றினால் பாதிகூட நிரம்பவில்லை, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. அதனால் 180 மில்லி பிடிக்கிற சின்னக் கப் ஒன்று வாங்கினேன். விளிம்பு வரை நிறைந்த சின்னக் கப்புக்கும் பாதி காலியான பெரிய குவளைக்கும் மனத்தளவில் அவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒரே நாளில் 10-க்கு இறங்காமல் வாரத்துக்கு ஒரு படியாக 15, 12, 10 என்று இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் முதல் இரண்டு நாள் லேசான தலைபாரம், மூன்றாம் நாள் சரியாகிவிடும். கூடவே கலவையை விட்டு முழு அராபிகாவுக்கு மாறினேன். ஐந்தாம் வார முடிவில் நாளைக்கு 30 கிராம், கணக்கில் 300 மி.கி. பாதிக்கும் கீழே.

இந்த இடத்தில் இரண்டு கிளைப்பாதையில் போய்த் திரும்பி வந்தேன். முதலாவது, கருக வறுத்த கொட்டை. வறுக்க வறுக்க காஃபின் எரிந்துபோகும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு பை வாங்கினேன். வறுப்பில் காஃபின் பெரிதாகப் போவதில்லை. எடை போட்டுத் தூள் எடுத்தால் இள வறுவலுக்கும் கரு வறுவலுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் கிடையாது. கரு வறுவல் கொட்டை உப்பி லேசாகிவிடுவதால், கரண்டியால் அளப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் குறையும். நான்தான் தராசு வாங்கிவிட்டேனே. பை தீரும் வரை கரிந்த வாசத்தோடு குடித்ததுதான் மிச்சம்.

இரண்டாவது, குளிர்ந்த நீரில் ஊறவைக்கும் காபி. இது வயிற்றுக்கு இதமானது, அதனால் காஃபினும் குறைவாகத்தான் இருக்கும் என்று நானாக ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். 60 கிராம் தூளை 600 மில்லி தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் வடிகட்டியபோது சக்கை உறிஞ்சியது போக 480 மில்லி கிடைத்தது. கசப்பே இல்லாமல் அருமையாக இருந்ததால் 200 மில்லி கடகடவென்று உள்ளே போயிற்று. அதில் சம அளவு தண்ணீரோ பாலோ கலந்து குடிக்க வேண்டும் என்பது அப்போது தெரியாது. ஒரு மணி நேரத்தில் கை நடுக்கம், பழைய படபடப்பு. உட்கார்ந்து கணக்குப் போட்டால், அந்த ஒரு டம்ளரில் 25 கிராம் கொட்டையின் சாறு, சுமார் 250 மி.கி. அதற்கென்றே வாங்கிய கண்ணாடி புட்டி இப்போது பருப்பு கொட்டி வைக்க உதவுகிறது.

சரி, 300-க்கு வந்தாயிற்று. படபடப்பு குறைந்தது, தூக்கம் மட்டும் வரவில்லை. மாலைக் கப்தான் காரணம். காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். கர்ப்பிணிகளுக்கும் சில கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்னும் நீளும், புகைப்பவர்களுக்குக் குறையும். முன்பு நாலரைக்கு நான் குடித்த 17 கிராம் கப்பில் 220 மி.கி. இருந்தது. இரவு ஒன்பதரைக்கு அதில் 110 மி.கி. மிச்சம். படுக்கைக்குப் போகும் முன் ஒரு கப் காபி குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று புலம்பியிருக்கிறேன். ஆனால் மாலைக் காபியை விட மனமில்லை. வேலை முடித்து வந்து, கொட்டையை மில்லில் போட்டுச் சுற்றி, அந்த முதல் வாசம் மேலே வரும் நிமிடம்தான் எனக்கு நாளின் ஓய்வே. அதனால் டீகாஃப், அதாவது காஃபினை நீக்கிய காபியின் பக்கம் திரும்பினேன்.

முதலில் வாங்கியது அரைத்த டீகாஃப் தூள். திறந்தால் அட்டைப்பெட்டி வாசம். இரண்டு கப் போட்டுப் பார்த்துவிட்டு செடிக்குக் கொட்டினேன். "அதெல்லாம் கெமிக்கல்ல ஊறவச்சதுடி" என்று அக்கா வேறு பயமுறுத்தினாள். அவள் சொன்னதில் பழைய உண்மை ஒன்று உண்டு. 1900-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் லுட்விக் ரோசெலியுஸ் வணிக அளவில் கொண்டுவந்த முறையில் பென்சீனைத்தான் பயன்படுத்தினார்கள். அது எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. இன்று வெறும் தண்ணீரும் கரி வடிகட்டியும் கொண்டு எடுக்கும் முறை, அழுத்தமேற்றிய கார்பன் டை ஆக்சைடு முறை, எத்தில் அசிடேட் முறை, மெத்திலீன் குளோரைடு முறை என்று பல இருக்கின்றன. எந்த முறையானாலும் வறுப்பதற்கு முன்னால் பச்சைக் கொட்டையிலேயே முடிந்துவிடும். நான் தண்ணீர் முறை என்று எழுதியிருந்த, வறுத்த தேதியும் போட்டிருந்த முழுக் கொட்டையாகப் பார்த்து வாங்கினேன். வழக்கமான கொட்டையைப் போல ஒன்றரை மடங்கு விலை.

இங்கேதான் வேலை சுவாரசியமானது. வழக்கமான 18 கிளிக்கில் (மில்லில் அரைவின் பருமனை மாற்றும் படி, எண் கூடினால் தூள் பருமனாகும்) மில்லை வைத்து 10 கிராம் அரைத்து, 94 டிகிரி தண்ணீர் ஊற்றினேன். சாதாரணக் கொட்டை இரண்டரை நிமிடத்தில் வடிந்துவிடும். இது நான்கு நிமிடம் ஆகியும் ஃபில்டர் பேப்பரில் சேறு மாதிரி தேங்கி நின்றது. காபி ஒரே கசப்பு. அதுவரை காஃபின் இல்லையென்றால் கசப்பும் இருக்காது என்று நினைத்திருந்தேன். காபியின் கசப்பில் காஃபினின் பங்கு சின்னதுதானாம், மீதியெல்லாம் வறுப்பில் உண்டாகும் வேறு பொருள்களால் வருவது. டீகாஃபும் நன்றாகவே கசந்தது.

காரணம் கொட்டையின் உடம்பு. ஊறி, காய்ந்து, பாடுபட்டு வந்த கொட்டை என்பதால் மொறுமொறுவென்று நொறுங்குகிறது. மில் கைப்பிடியைச் சுற்றும்போதே தெரியும், எதிர்ப்பே இருக்காது. நொறுங்கும்போது மாவு போன்ற நுண்துகள் அதிகமாக விழுந்து பேப்பரின் கண்களை அடைத்துவிடுகிறது. 20 கிளிக்குக்குப் போனேன், மூன்றேகால் நிமிடம். 23-க்குப் போனேன், இரண்டு நிமிடத்தில் ஓடிவிட்டது, புளிப்பு. 21-இல் நிறுத்தி, தண்ணீரை 90 டிகிரிக்கு இறக்கி, கரண்டியால் கலக்குவதை அறவே விட்டேன். முதலில் 30 மில்லி ஊற்றி அரை நிமிடம் ஊறவிட்டு, பிறகு மீதியை மெல்லிசான தாரையாக நடுவில் மட்டும் ஊற்றினேன். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. அன்றைக்குத்தான் முதல்முறையாக, பரவாயில்லையே என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது வாய் குடித்தேன். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதும் அப்போது தெரிந்தது. பச்சையாக இருக்கும்போதே டீகாஃப் கொட்டை பழுப்பாக இருக்கும், வறுத்தால் உண்மையான வறுவலைவிடக் கறுப்பாகத் தெரியும்.

மாலைக் கப் முழு டீகாஃப் ஆனது. டீகாஃப் என்றால் பூஜ்யம் இல்லை. ஐரோப்பிய விதிப்படி வறுத்த கொட்டையில் 0.1 சதவீதத்துக்கு மேல் காஃபின் இருக்கக் கூடாது, அதாவது என் 10 கிராமில் அதிகபட்சம் 10 மி.கி. அது என்னை எழுப்பி உட்கார வைக்காது. நான்கு நாளில் தூக்கம் பன்னிரண்டுக்கு வந்தது, இரண்டு வாரத்தில் பதினொன்றுக்கு.

அடுத்து, மற்ற இரண்டு கப்பையும் கலவையாக்குவது. இரண்டு கொட்டையையும் சரிபாதி ஒரு ஜாடியில் கொட்டிக் குலுக்கி வைத்தேன். எளிய வழிதானே? ஒரு நாள் பதினொரு மணிக் காபி சப்பென்று இருக்கும், மறுநாள் அதே ஜாடியிலிருந்து எடுத்தது மண்டையில் ஏறும். ஒரு தடவை 10 கிராமைத் தட்டில் பரப்பி எண்ணினேன். மொத்தம் 76 கொட்டை, அதில் கறுப்பு டீகாஃப் 27தான். பாதிக்குப் பாதி என்று நம்பிக் குடித்தது உண்மையில் மூன்றில் இரண்டு பங்கு சாதாரணக் காபி. அதற்கப்புறம் ஜாடியில் கலப்பதை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து, மூடி போட்ட சின்ன டப்பாக்களில் வாரத்துக்கு வேண்டியதை வேளைக்கு ஒன்றாகத் தனித்தனியே நிறுத்துப் போட்டுவிடுகிறேன். இருபத்தொரு டப்பா, இருபது நிமிட வேலை. கொட்டையாக இருப்பதால் ஒரு வாரத்தில் வாசம் பெரிதாகப் போவதில்லை. கலவைக்கு மில்லை 19 கிளிக்கில் வைக்கிறேன். இரண்டு கொட்டைக்கும் நடுவில் ஒரு சமரசம், இரண்டுக்குமே முழு நியாயம் இல்லை.

பதினொரு மணிக் கப்பை முதலில் 7+3 (7 கிராம் சாதாரணக் கொட்டை, 3 கிராம் டீகாஃப்) ஆக்கி, ஒரு வாரம் கழித்து 5+5. காலைக் கப்பைக் கடைசியாகத்தான் தொட்டேன், அதுவும் 7+3-க்கு மேல் இறக்கவில்லை. ஒருமுறை 3+7 போட்டுப் பார்த்தேன். தலைவலியெல்லாம் இல்லை, ருசியில் முன்னால் வந்து நிற்கும் அந்த ஒரு துடுக்கு போய்விட்டது. காலையில் எனக்கு அது வேண்டும்.

பதின்மூன்றாம் வாரம் ஒரு விபத்து. மூன்று நாள் தொடர்ந்து தூக்கம் இல்லை, படபடப்பும் எட்டிப் பார்த்தது. இதெல்லாம் காபியால் வந்ததே இல்லை போலிருக்கிறது, மறுபடி டாக்டரிடம் போக வேண்டியதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். நான்காம் நாள் மாலை மில்லைச் சுற்றும்போது கைக்கு என்னவோ பொருந்தவில்லை. டீகாஃப் என்றால் மொறுமொறுவென்று போகும், இது முறுக்கிக்கொண்டு நின்றது. டீகாஃப் ஜாடியைத் திறந்து ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பார்த்தேன். எல்லாம் பழுப்பு, ஒன்றுகூடக் கறுப்பில்லை.

"ஏண்டா, இந்த ஜாடியைத் தொட்டியா?"

"காலியா இருந்துச்சும்மா, நான்தான் பாக்கெட்டைப் பிரிச்சுக் கொட்டி வச்சேன். உதவி பண்ணலாமேன்னு."

பையனைத் திட்ட வாய் வரவில்லை. இரண்டு ஜாடியும் ஒரே மாதிரி, எதிலும் ஒரு எழுத்தும் இல்லை. யார் குற்றம் அது? ஞாயிற்றுக்கிழமை டப்பாக்களை நிரப்பும்போது நானும் கொட்டையைப் பார்க்காமல் நிறுத்திருக்கிறேன். ஆனால் இப்படி ஒரு சோதனையை நானாகச் செய்திருக்கவே முடியாது. எனக்கே தெரியாமல் மூன்று நாள் மாலையில் முழு காஃபின் குடித்து, மூன்று நாளும் தூக்கம் கெட்டிருக்கிறது. அதுவரை இது மனப்பிரமையாகக்கூட இருக்கலாம் என்று ஓரத்தில் இருந்த சந்தேகம் தீர்ந்தது. இப்போது டீகாஃப் ஜாடியின் மூடியில் சிவப்பு நகப்பூச்சால் பட்டையாக ஒரு கோடு.

இன்றைய நிலவரம்: காலை 7+3, பதினொரு மணிக்கு 5+5, மாலை 10 டீகாஃப். கணக்கில் சுமார் 140 மி.கி. 689-இலிருந்து. கப் எண்ணிக்கை மாறவில்லை, மூன்றுதான். கூடவே இருந்த நெஞ்செரிச்சல் மட்டும் நினைத்த அளவு போகவில்லை. டீகாஃபும் வயிற்றில் அமிலத்தைத் தூண்டத்தான் செய்கிறது, வெறும் வயிற்றில் குடித்தால் எரிகிறது. காஃபினைக் குறைத்தால் அதுவும் தானாகச் சரியாகும் என்று எதிர்பார்த்தது என் பேராசை. தேநீர், சாக்லேட், கோலா எல்லாவற்றிலும் காஃபின் உண்டு. அவற்றை நான் அபூர்வமாகத் தொடுவதால் கணக்கில் சேர்க்கவில்லை. தினம் குடிப்பவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செலவு? டீகாஃபும் முழு அராபிகாவும் விலை கூடுதல்தான், ஆனால் நாளைக்கு 53 கிராம் போன இடத்தில் இப்போது 30. மாதக் கணக்கு பார்த்தால் கிட்டத்தட்ட பழைய செலவே. வீணானது கரு வறுவல் பை, அரைத்த டீகாஃப் தூள், ஊறவைக்கும் புட்டி மூன்றும். மீண்டும் முதலிலிருந்து செய்வதென்றால் முதல் நாளே தராசும் சின்னக் கப்பும் வாங்குவேன். மாலைக் கப்பில் தொடங்கிக் காலைக் கப்பை நோக்கி வருவேன், நான் செய்தது போல மூன்றையும் ஒன்றாகக் குறைக்க மாட்டேன். அப்படிச் செய்திருந்தால் தூக்கம் ஐந்து வாரம் முன்னதாகவே திரும்பியிருக்கும். டீகாஃபைப் பெரிய பையாக வாங்க மாட்டேன். சாதாரணக் கொட்டையைவிட அது சீக்கிரம் வாசம் இழக்கிறது, மூன்றாம் வாரமே எண்ணெய் கசிந்து சப்பென்று ஆகிவிடுகிறது. சின்னப் பையாக வாங்கி, பாதியை உறைபெட்டியில் காற்றுப் புகாமல் வைக்கலாம்.

இன்னொன்றும் செய்து பார்க்க ஆசை இருக்கிறது. லாரினா என்று ஒரு அராபிகா வகை, ரீயூனியன் தீவில் தோன்றியது. இயற்கையிலேயே அதில் காஃபின் மற்ற அராபிகாவில் பாதி அளவுதான் இருக்கும். எந்த முறையிலும் காஃபினை எடுக்க வேண்டாத, நொறுங்காத கொட்டை. விலையைப் பார்த்துத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நோட்டில் இன்று மாலை எழுதியது: புதுப் பை. டீகாஃப் 10 கிராம், 21 கிளிக், 90 டிகிரி, 2 நிமிடம் 10 வினாடி. வேகமாக ஓடிவிட்டது, கொஞ்சம் புளிப்பு. நாளைக்கு 20.